இரண்டு டின்னும் ஒரு சாக்லேட்டும்

குற்றாலத்துக்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அருவிக்கரைக் கடைகளில் விற்கிறார்களே, அதுதான் என்று சொல்லிவிடுவீர்கள். நானும் ஓய்வு பெறும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தியாவில் முதன்முதலாகக் கோகோ மரம் நடப்பட்ட இடம் நம் குற்றாலம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆண்டு 1798. நட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. கிரியொல்லோ என்ற வகை. அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காய், கிராம்பு என்று எதெது கப்பலில் கிடைத்ததோ அதையெல்லாம் நம் மலையடிவாரத்து ஈரத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் பிடித்துக்கொண்டன. கோகோ இங்கே வியாபாரப் பயிராக வரவில்லை.

அந்த மண்ணிலிருந்து நாலு மைலில், தென்காசியில் பிறந்து, 11 வயது வரை சாக்லேட் என்ற பொருளை நாக்கில் வைத்துப் பார்க்காதவன் நான்.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பக்கம் தாள் சுற்றிய எந்த மிட்டாயும் ‘சாக்லேட்டு’தான். பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததெல்லாம் பாரி மிட்டாயும் நியூட்ரின் மிட்டாயும். தாள் சுற்றாததற்குக் கமர்கட், தேன் மிட்டாய், சூட மிட்டாய் என்று தனித்தனிப் பெயர் உண்டு. கோகோ போட்ட அசல் சாக்லேட் என்பது பஜாரில் ஒரே ஒரு கடையில், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், ஊதாத் தாளில் இருக்கும். கேட்பரி நிறுவனம் 1948-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு அது வந்து சேரப் பல வருஷம் ஆனது. மேல்தட்டில் இருந்த அந்தக் கட்டிகளும் எத்தனை மாதமாக இருந்தனவோ! வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்தால் மேலே வெள்ளை பூத்திருக்கும். பூசணம் என்று சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பூசணம் இல்லை. வெயிலில் உள்ளே இருக்கும் கோகோக் கொழுப்பு உருகி, மேலே வந்து, மறுபடி உறைவதால் வரும் வெள்ளை. தின்றால் ஒன்றும் செய்யாது. அந்தக் கொழுப்பு ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. வாயில் போட்டதும் கரைகிற அந்தச் சுகத்துக்கு இந்த மூன்று டிகிரி வித்தியாசம்தான் காரணம். சித்திரை மாதத்தில் திருநெல்வேலி ஜில்லாவில் கடை அலமாரியே வாயாகிவிடும் என்பது வேறு விஷயம்.

எனக்கு அந்த ஆசையை மூட்டியவர் கொழும்பு மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கொழும்பில் கடையில் கணக்கு எழுதினார். வருஷத்துக்கு ஒரு தடவை தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வழியாக வருவார். சோப்பு, பிளேடு, நைலான் சட்டைத் துணி இவற்றோடு 1969-இல் ஒரு சாக்லேட் கட்டி கொண்டுவந்தார். இலங்கையில் கண்டி, மாத்தளைப் பக்கம் கோகோ விளைகிறது. அங்கே அது அவ்வளவு அபூர்வமில்லை. ஆச்சி அதைப் பாக்குவெட்டியால் துண்டு போட்டுப் பங்கு வைத்தாள். என் பங்கு இரண்டு கட்டம். ஒன்றைத் தின்றேன். மற்றதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்து, அது உருகி, லாபநஷ்டக் கணக்கு முழுவதும் பழுப்பாகி, வாத்தியாரிடம் அடி வாங்கினேன். தாளை நக்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு எப்போதும் அதே நினைப்பு. வீட்டில் என்ன இருக்கிறது, எதை எதோடு சேர்த்தால் அந்த ருசி வரும்? கருப்பட்டியைப் புளியோடு தின்று பார்த்தேன். காப்பிப் பொடியில் சீனி கலந்து பார்த்தேன். காப்பிப் பொடி ஓரளவு கிட்டே வந்தது, ஆனால் பல்லிடுக்கில் மண் மாதிரி நின்றது.

நான் செய்ததை உலகத்தில் பல பேர் செய்திருக்கிறார்கள் என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. சொல்லப்போனால், வீட்டுச் சமையலறையில் சாக்லேட் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வழியைத் திறந்துவிட்டதே ஹாலந்துக்காரர்கள்தான். அதற்கு முன் மெக்சிகோவில் மாயர்களும் அஸ்டெக்குகளும் கோகோ விதையை வறுத்து அரைத்துத் தண்ணீரில் நுரைக்க ஆற்றிக் குடித்தார்கள். மிளகாய் கூடப் போடுவார்கள். விதையே அங்கே சில்லறைக் காசாகவும் ஓடியது. ஸ்பானியர்கள் அதில் சீனி சேர்த்தார்கள். அப்போதும் குடிக்கிற பொருள்தான். மேலே எண்ணெய் மிதக்கும். 1828-இல் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் அந்த விதையைச் செக்கில் ஆட்டுவது போல அழுத்திப் பிழிந்து, கொழுப்பைத் தனியாகவும் பிண்ணாக்கைத் தனியாகவும் எடுக்கக் காப்புரிமை வாங்கினார்கள். அந்தப் பிண்ணாக்கைப் பொடித்ததுதான் கோகோ பவுடர். பிரித்தெடுத்த கொழுப்பை என்ன செய்வது? 1847-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி, கோகோவில் அந்தக் கொழுப்பையே கூடுதலாகச் சேர்த்துச் சீனியும் போட்டு, அச்சில் வார்த்துக் கடித்துத் தின்னும் கட்டி ஆக்கியது. பிறகு 1875-இல் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் என்பவர் பாலைச் சேர்த்தார். பாலில் இருக்கும் தண்ணீர் கொழுப்போடு ஒட்டாமல் அவரை வருஷக்கணக்கில் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் தண்ணீர் வற்றிய பாலைக் கொண்டுதான் காரியம் நடந்தது. அந்தப் பாலில் கெட்டிக்காரரான ஹென்றி நெஸ்லே அதே ஊர்க்காரர்.

ஆக, பால் சாக்லேட் என்பது நாலு பொருள். கோகோ, சீனி, வற்றிய பால், கொழுப்பு. தொழிற்சாலை பிரித்துப் போட்டதை வீட்டில் மறுபடி சேர்த்தால் ஏதோ ஒன்று வரும். கோகோக் கொழுப்பு மட்டும் யார் வீட்டு அலமாரியிலும் இருக்காது. அதற்குப் பதில் கையில் கிடைப்பதைப் போடுவார்கள். நெப்போலியன் 1806-இல் ஆங்கிலேயக் கப்பல்களைத் தடுத்தபோது கோகோ விலை ஏற, இத்தாலியில் டூரின் ஊர்க்காரர்கள் தங்கள் மலைப்பக்கத்து ஹேசல் கொட்டையை அரைத்துச் சேர்த்துச் சமாளித்தார்கள் என்று சொல்வார்கள். பிரேசிலில் 1945 தேர்தல் சமயம் வேட்பாளர் ஒருவர் விமானப்படை பிரிகேடியர். அவர் பேரைச் சொல்லிப் பெண்கள் கண்டென்ஸ்டு மில்க், கோகோ, வெண்ணெய் மூன்றையும் கிண்டி உருண்டை பிடித்து விற்றார்களாம். வேட்பாளர் தோற்றார். உருண்டை இன்றுவரை ஜெயித்துக்கொண்டிருக்கிறது. பிரிகடெய்ரோ என்று பெயர்.

நம்மை ஆண்ட வெள்ளைக்காரனுக்கும் ரேஷன் வந்தது. இங்கிலாந்தில் 1942 ஜூலையிலிருந்து மிட்டாய், சாக்லேட்டுக்குக் கூப்பன். பல காலம் ஆளுக்கு நாலு வாரத்துக்கு 12 அவுன்ஸ். நம் கணக்கில் 340 கிராம். பால் தட்டுப்பாட்டால் கேட்பரி தன் பால் சாக்லேட்டையே நிறுத்திவிட்டு, கொழுப்பெடுத்த பால் பவுடரில் ‘ரேஷன் சாக்லேட்’ போட்டது. 1949 ஏப்ரலில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஜனங்கள் விழுந்தடித்து வாங்கியதில் கடைகள் காலியாகி, நாலே மாதத்தில் மறுபடி கூப்பன் வந்தது. 1953 பிப்ரவரியில்தான் விடுதலை.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1969 ஆடியில் தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பின் காய்ச்சல். பால் இல்லை. டாக்டர் டின் பால் எழுதிக் கொடுத்தார். அப்போது குழந்தைப் பால் பவுடர் என்பது நினைத்தவுடன் வாங்குகிற சாமான் இல்லை. பணம் இருந்தாலும் சரக்கு இருக்காது. கடைக்காரர் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்பா எலிமெண்டரி பள்ளிக்கூட வாத்தியார். சம்பளத்தில் மாதத்துக்கு மூன்று டின் வாங்கினால் மளிகைக் கடைப் பாக்கி ஏறும். இது தவிர, அம்மா தேறட்டும் என்று அத்தை ஒரு போர்ன்விட்டா டின் வாங்கிக் கொடுத்திருந்தாள். இரண்டு டின்களும் அடுப்படி மச்சுப் பலகையில் ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் இருந்தன.

போர்ன்விட்டாவில் கோகோ இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூக்கு சொன்னது. அம்மா டம்ளரில் ஆற்றும்போது வந்த வாசனை, கணக்கு நோட்டில் உருகிய அதே வாசனை. சாரல் காலம் வேறு. ஈரக்காற்றில் டின்னுக்குள் பொடி கட்டி கட்டியாகப் பிடித்திருந்தது. அதில் மால்ட் உண்டு, சீக்கிரம் ஈரம் இழுக்கும். ஒரு சிறு கட்டியைப் பெயர்த்து, பால் பவுடரில் புரட்டி, ரேஷன் சீனியைத் தொட்டு வாயில் போட்டேன். முதலில் மாவு. பிறகு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக, மெதுவாக... கொழும்பு மாமாவின் சாக்லேட் அளவுக்கு இல்லை என்றாலும், சொந்தக்காரன்தான் என்று சொல்லிவிடலாம்.

ஒருநாள் என்பது தினமும் என்றானது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆச்சி திண்ணையில் வெற்றிலை இடிக்கும் நேரம் பார்த்து மச்சுப் பலகைக்கு ஏறுவேன். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. பத்து நாள் வர வேண்டிய பால் டின் ஏழாம் நாள் அடி தட்டியது.

அது மாதக் கடைசி. அப்பாவிடம் பணம் இல்லை. கடையில் டின்னும் இல்லை. ஆச்சி பசும்பாலில் தண்ணீர் விட்டுச் சங்கில் புகட்டினாள். அன்று இரவே குழந்தைக்கு வயிறு போக ஆரம்பித்தது. மறுநாளும் நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. அழ முடியாமல் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்பா ஹெட்மாஸ்டரிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு, விடியக்காலை முதல் பஸ்ஸில் திருநெல்வேலி போய் டின் வாங்கி வந்தார். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். “இன்னும் அரைநாள் விட்டிருந்தா என்கிட்டச் சொல்லிப் பிரயோஜனமில்ல” என்று அவர் அப்பாவிடம் சொன்னது, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

குழந்தை தேறியதும் விசாரணை வந்தது.

“டின்னுல யாருல கை வச்சது?” என்று ஆச்சி விளக்குமாற்றோடு நின்றாள். என்னை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை. அக்காவையும் சேர்த்துத்தான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு அப்போது 14 வயது. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். “நாந்தான் ஆச்சி, ஒரு நாள் ருசி பாத்தேன்” என்றாள். வாங்கினாள் பாருங்கள் அடி. அவள் அழவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்குள் தம்பிக்குக் கஞ்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பால் டின்னில் கொஞ்சம் மிச்சம். போர்ன்விட்டாவிலும் அடியில் மிச்சம், கல்லாக இறுகிப்போய். தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி, அதிரசம் சுட்ட அடுப்பு அணையும் முன் அம்மா என்னைக் கூப்பிட்டாள். ரேஷன் கார்டுச் சீனியில் அவள் தனக்குக் காப்பிக்கு விட்ட பங்கைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள். (1967-க்குப் பிறகு வெளிச்சந்தையிலும் சீனி தாராளமாக விற்றார்கள். ஆனால் அந்த விலையில் எங்கள் வீட்டுக்கு வராது.) ஒரு ஆழாக்குச் சீனி, அரை ஆழாக்குத் தண்ணீர். ஒரு கம்பிப் பதம் வந்ததும் பால் பவுடரைச் சலித்துத் தூவிக் கிளறினாள். போர்ன்விட்டாக் கட்டியை அம்மியில் பொடித்தது நான். கடைசியில் எலுமிச்சை அளவு வெண்ணெய். டால்டா இருந்தது, போடவில்லை. டால்டா வாய்ச்சூட்டில் சட்டென்று கரையாது, மேலண்ணத்தில் மெழுகுபோலப் படியும். அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. “அது தொண்டைல நிக்கும்” என்று மட்டும் சொன்னாள். நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, ஆறுவதற்குள் வில்லை போட்டாள்.

அது சாக்லேட்டா? இல்லை. பர்பிக்குத் தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம். மால்ட் இருப்பதால் கடித்தால் இழுக்கும். ஆனால் அப்படி ஒன்றை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

முதல் வில்லையை அக்காவிடம் கொடுத்தாள். இரண்டாவதை என் கையில் வைக்கும்போது, “திங்கணும்னு இருந்தா எங்கிட்டக் கேளு. டின்னத் தொறக்காத” என்றாள். என்னிடம் மட்டும், மெதுவாக. அக்காவிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் இங்கே டின்னைச் சுரண்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கோகோ வேர் பிடித்துக்கொண்டிருந்தது. 1965 முதல் கேட்பரி நிறுவனம் வயநாட்டிலும் மற்ற இடங்களிலும் கன்று கொடுத்து விவசாயிகளை ஊக்குவித்தது. தென்னைக்கும் பாக்குக்கும் இடையே ஊடுபயிர். எழுபதுகளில் போட்டி போட்டு நட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விலை விழுந்து, வாங்க ஆளில்லாமல், மரத்தை வெட்டி எறிந்தவர்கள் உண்டு. அப்போது பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான கேம்ப்கோ கோகோவையும் கொள்முதல் செய்து, 1986-இல் கர்நாடகத்தில் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் தொழிற்சாலையே கட்டியது. பால்காரர்களின் அமுல் சாக்லேட் அதற்கும் முன்பே, எழுபதுகளில் வந்துவிட்டது. எனக்குத் தபால் துறையில் வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் வாங்கியதும் ஒரு பெரிய கட்டிதான். அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தன் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டாள். இப்போது பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கோகோ காய்த்துத் தொங்குவதைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். குற்றாலத்தில் தொடங்கியது சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

போன மாதம் தம்பி ஓய்வு பெறப்போவதாகப் போனில் சொன்னான். கண் உள்ளே போய்க் கிடந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது முடி நரைத்து, மூக்குக்கண்ணாடி. என்ன கொடுப்பது என்று யோசித்தபோது, அடுப்படியில் போய் நின்றேன். வீட்டில் கோகோ பவுடரே இருந்தது, பேத்தி கேக் செய்து மிச்சம் வைத்தது. வேண்டாம் என்று போர்ன்விட்டாவை எடுத்தேன். பால் பவுடர், சீனி, வெண்ணெய். முதல் தடவை பாகு முற்றிப்போய்க் கல்லானது. இரண்டாம் தடவை இறுகவே இல்லை. மனைவி அடுப்படிப் பக்கம் வந்து, பாத்திரத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

மதுரையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“போர்ன்விட்டாவ அடுப்புல இருக்கும்போதா போட்ட? எறக்குன பொறவுல்லா போடணும். மால்ட்டு கொதிச்சா அப்புறம் எங்கல எறுகும்?”

“உனக்கு இதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா அக்கா?”

“அடி வாங்குனவளுக்கு ஞாபகம் இருக்காதா?” என்று சிரித்தாள்.

55 வருஷம் கழித்து அன்றுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். போனில் கேட்பது கொஞ்சம் சுலபம். அவள், “அதெல்லாம் கெடக்கட்டும், தம்பிட்ட சொன்னியா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப அவன்ட்டயும் சொல்லு” என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் தடவை சரியாக வந்தது. 20 வில்லை. டிபன் டப்பாவில் அடுக்கிக் கூரியரில் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். கூடவே இரண்டு பக்கக் கடிதம். இங்கே மேலே எழுதியிருப்பதுதான், ஊர் உலக வரலாறு இல்லாமல்.

நேற்று பேசினான். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நல்லாருக்குண்ணே, ஆனா பல்லுல ஒட்டுது” என்றான். பிறகு, “பால் பவுடர் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்” என்றான்.